கட்டிலுக்கு எதிரே ஒரு நரி

மீன் வாங்க வந்தால் மீனை வாங்கிக்கொண்டு போக வேண்டும். வாசலில் நின்று கழுத்தை நீட்டி, உள்ளே கட்டிலுக்கு எதிரே மாட்டியிருப்பது நாயா நரியா என்று எதற்குக் கேட்க வேண்டும்? உங்கள் வீட்டுச் சுவரில் என்ன தொங்குகிறது என்று நான் ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா? கேட்டதில்லை. கேட்காமலே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அது வேறு விஷயம்.

சரி, கேட்டது கேட்டுவிட்டீர்கள். சொல்லாமல் அனுப்பினால் நீங்களே ஒரு கதை கட்டுவீர்கள். அது என் கதையைவிட நன்றாக அமைந்துவிட்டால் எனக்குத்தான் அவமானம். நல்லவேளை, நீங்கள் இந்தக் குடியிருப்புக்காரர் இல்லை. அதனால் உங்களிடம் உண்மையைச் சொல்லலாம். அந்த அன்னக்கூடையைத் தள்ளிவிட்டு உட்காருங்கள். பார்த்து, அதில் சங்கரா மீன் இருக்கிறது.

நாற்பது வருஷமாக நான் மீன் விற்கிறேன். விடியும்போது காசிமேட்டில் ஏலம் எடுத்து, ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து, இந்தத் தரைத்தளத்து வீட்டு வாசலில் பலகை போட்டு உட்கார்ந்துவிடுவேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. நான்காம் வகுப்பு டீச்சர் ரொம்ப நல்லவர், அவருக்கு ஏன் கஷ்டம் கொடுக்க வேண்டும் என்று நின்றுவிட்டேன். ஆனால் மீன் விஷயத்தில் என்னை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை. மற்றவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். எனக்குக் கண் போதும். புது மீனின் கண் தண்ணீரில் போட்ட கோலிக்குண்டு மாதிரி துருத்திக்கொண்டு நம்மைத் திருப்பிப் பார்க்கும். ஒரு நாள் ஐஸில் கிடந்தால் லேசாகப் பால் கட்டும். இரண்டு நாள் கிடந்தால் வெளுத்து உள்ளே போய்விடும். நான்கு அடி தள்ளி நின்றே சொல்லிவிடுவேன்.

இப்படிப்பட்ட கெட்டிக்காரி, கட்டின புருஷன் கண்ணில் பால் கட்டியதைப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் இருந்தவர். கல்யாணமாகி சில வருஷத்தில் நடுக்கடலில் வலை இழுக்கும் கம்பி அறுந்து முகத்தில் அடித்தது. இடது கண்ணுக்கு ஆஸ்பத்திரியில் கத்தி வைத்தார்கள். கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டைப் பிரித்தபோது அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. அதற்குப் பிறகு படகு போதும் என்று துறைமுகத்திலேயே உட்கார்ந்து கிழிந்த வலைகளைத் தைக்க ஆரம்பித்தார். மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணிலேயே வலைக்கண் எண்ணிக் குடும்பத்தை ஓட்டினார்.

ஒருநாள் காலை அவரோடு வலை தைக்கும் ஆள் ஒருவர் ஏலக் கூட்டத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அத்தே, சொல்றேன்னு தப்பா நென்ச்சிக்காத. ஒரு மாசமா மாமா போடுற முடிச்ச அவரு எய்ந்து போனப்பறம் நாங்க அவுத்துட்டுத் திருப்பிப் போட்டுகினு கீறோம். அவராண்ட சொல்லிடாத."

அன்றைக்கு மீன் எடுத்தேனா, என்ன எடுத்தேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்தால் அவர் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். வலது கண்ணின் கறுப்பு வட்டத்துக்குள் வெள்ளையாக ஒரு திரை. ஐஸில் கிடந்த கண்.

"இன்னாமே அப்டி பாக்குற? இத்தினி வருசம் கயிச்சி இப்பத்தான் ஷோக்கா தெரியறனா?"

"யோவ், எத்தினி விரலு காட்றேன், சொல்லு."

"உன் கைல அஞ்சு விரலு. அதுல எத்தினி காட்னா எனுக்கு இன்னா?"

இரண்டே விரல்தான் காட்டினேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, தம்ளரைக் கீழே வைக்க இடம் தடவினார். இதையும் நான் எத்தனை நாளாகப் பார்த்தும் பார்க்காமல் இருந்தேனோ.

கண் ஆஸ்பத்திரியில் புரை என்றார்கள். சின்ன ஆபரேஷன்தான், மறுநாளே கட்டுப் பிரித்துவிடலாம், ஆனால் முற்றவிட்டால் சிக்கல் என்றார்கள். ஒன்றரை மாதம் தள்ளி ஒரு நாளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அவர் அந்தச் சீட்டை என் கையில் திணித்தார்.

"நீ போய் பண்ணிக்கோ. நான் வர்ல."

"ஏன்யா?"

"மின்ன ஒரு கண்ணுக்கு இப்டித்தான் சொன்னாங்க. உள்ள போகசொல்ல கண்ணு இருந்துச்சி, வெளிய வர்றசொல்ல கட்டுதான் இருந்துச்சி. இப்போ எதோ ஓரமா வெளிச்சமாவது தெரிது. அத்தியும் குட்த்துட்டு வர சொல்றியா?"

சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், சோறு போட மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். போடாமல் இருக்க என்னால் முடியவில்லை. என் தொல்லை தாங்காமல் ஒருநாள் அவர் சொன்னார்.

"நரி மூஞ்சில முழிச்சிட்டுப் போறேன். என்னிக்கி முழிக்கிறனோ அன்னிக்கி போலாம்."

யாருக்காவது திடீரென்று நல்லது நடந்தால், "இன்னா, நரி மூஞ்சில முழிச்சியா?" என்று கேட்போம் அல்லவா? எல்லோருக்கும் அது வாய்ப்பேச்சு. இவருக்கு மட்டும் நிஜமாக நடந்திருக்கிறது. வாலிப வயதில் எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் படகை ஒதுக்கிவிட்டு மணலில் படுத்துத் தூங்கியிருக்கிறார். விடியும்போது கண் திறந்தால் பத்தடி தூரத்தில் நரி நிற்கிறது. அன்றைக்கு வலையில் விழுந்த வவ்வால் மீனின் கனத்தில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே கரைக்கு வந்ததாம். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் படகு இன்னும் கொஞ்சம் சாயும்.

இப்போது அவர் நரியைக் கேட்டது ஆசைப்பட்டு இல்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ராயபுரத்துக்கு எந்த நரி வரும் என்கிற தைரியம்தான். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"சரி. நரி மூஞ்சிய நான் காட்டிட்டா வருவியா?"

"வரேன்."

"கடலம்மா மேல சொல்லு."

"கடலம்மா மேல சத்தியமா வரேன்மே. போ, போய் நரி புடிச்சாந்து கட்டு."

கடலின் மேல் சொன்ன சொல்லை எங்கள் ஆட்கள் மீற மாட்டார்கள். அதுவரைக்கும் வேலை முடிந்தது. இனி நரி மட்டும்தான் பாக்கி.

முதலில் மேல் மாடிப் பெண்ணின் போனில் நரிப்படம் வரவழைத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வெறும் வெளிச்சமா கண்ணு கூசுது. டியூப் லைட்டு மூஞ்சில முழிச்சா இன்னா வரும்? கரண்டு பில்லுதான் வரும்" என்றார். புரை விழுந்த கண்ணுக்கு அப்படித்தான் கூசும் என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருந்தார்கள். மினுக்கு இல்லாத காகிதத்தில் பெரிய படமாக வேண்டும். பாரீஸ் பக்கம் படக்கடைக்குப் போனேன். சாமிகள், சிரிக்கிற குழந்தைகள், அருவிகள் எல்லாம் இருந்தன. கடைக்காரர் தெற்கத்திக்காரர்.

"நரிப்படம் யாரும் கேக்கதில்லம்மா. கழுதைப்படம் இருக்கு, காலைல பார்த்தா யோகம்னு வாங்கிட்டுப் போவாங்க. எடுத்துத் தரட்டா?"

"அது எங்க வூட்லயே ஒண்ணு கீதுப்பா. தெனிக்கும் பாத்துகினுதான் கீறேன், ஒரு யோகமும் வர்ல."

திரும்பி வரும் வழியில்தான் நூலகத்துச் சுவரில் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். காட்டு விலங்கு ஒன்றை நீர்வண்ணத்தில் வரையலாம், சனிக்கிழமைதோறும் மதியம், மாடியில், முன் அனுபவம் தேவையில்லை என்று போட்டிருந்தது. அந்தக் கடைசித் தகுதி என்னிடம் ஏராளமாக இருந்தது.

மாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் நெத்திலி ஆய்ந்த கையோடு போயிருந்தேன். அதனால் எனக்கு ஒரு பெஞ்சு முழுசாகக் கிடைத்தது. சொல்லிக்கொடுக்கும் பெண் மாதவரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். ஒவ்வொருவரிடமும் என்ன மிருகம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். யானை, புலி, மான். என்னிடம் வந்தாள்.

"ஆயா, நீங்க என்ன மிருகம்?"

"நான் மிருகம்னு எங்க வூட்டுக்காரரு சொல்லுவாரு. இன்னா மிருகம்னு இத்தினி வருசத்துல சொன்னதில்ல டீச்சரு."

வகுப்பு முழுவதும் சிரித்தது. பிறகு நரி என்றேன். ஏன் நரி என்று அவள் கேட்டாள். தனியாகக் கூப்பிட்டு முழுக்கதையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என் பெஞ்சில்தான் வந்து உட்கார்ந்தாள், வாசனையைப் பொருட்படுத்தாமல்.

நீர்வண்ணத்தைப் பற்றி நான் நினைத்தது எல்லாமே தப்பு. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அடித்துக்கொண்டே போகலாம் என்று நினைத்தேன். அப்படி இல்லை. முதலில் தண்ணீர்தான் அதிகம், வண்ணம் கொஞ்சம். வெளிறின நிறம் முன்னால், அழுத்தமான நிறம் பின்னால். ஒன்று காயும்வரை அடுத்ததைத் தொடக் கூடாது. காயும்வரை சும்மா உட்கார வேண்டும். எனக்கு அதுதான் கஷ்டம். நாற்பது வருஷத்தில் கையில் எதையாவது அறுக்காமல் நான் சும்மா உட்கார்ந்ததே இல்லை.

"ஆயா, பிரஷ்ஷை இவ்ளோ அழுத்தாதீங்க. பேப்பர் பிஞ்சு வருது பாருங்க."

உண்மைதான். வஞ்சிரத்துக்குச் செதில் தேய்க்கிற மாதிரி தேய்த்திருந்தேன். காகிதம் தோலாக உரிந்து வந்தது. அந்த முதல் நரிக்குக் கண் முகத்தின் பக்கவாட்டில், இமை இல்லாமல், வட்டமாக இருந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காது வச்ச மீன் மாதிரி இருக்கு ஆயா" என்றாள். "ஆய்றதுக்கு ஈஸியா இருக்கும்" என்றேன்.

அன்றைக்கு அவள் சொன்ன ஒரு விஷயம் மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

"இந்த வண்ணத்துல வெள்ளைன்னு தனியா ஒண்ணு வச்சுக்கறதில்ல ஆயா. பேப்பர்தான் வெள்ளை. வெளிச்சம் எங்க வேணுமோ, அந்த இடத்தைத் தொடாம விட்டுடணும். குறிப்பா கண்ணுல. ஒரு தடவை கறுப்பு ஏறிடுச்சுன்னா அப்புறம் கொண்டு வரவே முடியாது."

ஆஸ்பத்திரியில் சொன்னதைத்தான் இவள் வேறு மாதிரி சொல்கிறாள் என்று தோன்றியது. அன்றிரவு சோறு போடும்போது அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றிவிட்டேன். அவருக்கு அது தெரியவில்லை. சத்தமில்லாமல் துடைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், டீச்சரும் சிரித்தாள். ஈரம் காய்வதற்குள் உப்புத் தூவினால் வண்ணம் புள்ளிப் புள்ளியாக ஒதுங்கி ரோமம் மாதிரி வரும், வீட்டில் செய்து பாருங்கள் என்று சொல்லியிருந்தாள். மற்றவர்களுக்குச் சொல்லலாம். மீன்காரியிடம் போய் உப்புப் போடு என்று சொல்லலாமா? இந்த ஒரு வேலையாவது எனக்குத் தெரியும் என்கிற சந்தோஷத்தில் கல் உப்பை இரண்டு கை நிறைய அள்ளி, நரியின் முதுகு, வயிறு, வால், காதுக்குள் என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தேன். காகிதத்தைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் தேய்த்தேன். மொட்டை மாடி வெயிலில் பரப்பி, காக்காய் கொத்தாமல் இருக்கப் பழைய வலையைப் போட்டு மூடி, இரண்டு நாள் காயவிட்டேன். சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போனபோது அது அப்பளம் மாதிரி சுருண்டு விறைத்திருந்தது. மேசையில் வைத்ததும் தோல் கழன்று பொலபொலவென்று கொட்டியது.

டீச்சர் ஓர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். "ஆயா, எவ்வளவு உப்பு போட்டீங்க?"

"கெடாம இருக்க எவ்ளோ வோணுமோ அவ்ளோ போட்டேன்."

"தூவத்தானே சொன்னேன்!"

"தூவுனா புயு வெச்சிடும் டீச்சரு. இத்த பாரு, ஆறு மாசம் தாங்கும்."

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். யானை வரைந்துகொண்டிருந்தவர் எழுந்து வந்து முகர்ந்தே பார்த்தார். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று சனிக்கிழமைதான் மிச்சம். என் கையில் இருப்பது நரிக் கருவாடு.

அவள் ஒரு நரியின் போட்டோவை அச்செடுத்துக் கொடுத்து, இதைப் பார்த்துத் தினமும் பழகுங்கள் என்றாள். பலகைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தேன். மறுநாள் கூட்டத்தில் அதிலேயே யாருக்கோ நெத்திலி மடித்துக் கொடுத்துவிட்டேன். அந்த நரி எந்த வீட்டு அடுப்படியில் இறங்கியதோ தெரியாது. டீச்சரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் வேறு வழி பார்த்தேன். பலகைக்குக் கீழே மீன் தலைக்காகப் படுத்திருக்கும் பழுப்பு நாயை உட்கார வைத்து வரைந்தேன். ஒரு தலை போட்டால் பத்து நிமிஷம் அசையாது. மிச்சத்தை நரியைப் பார்த்தவரிடமே கேட்டுக்கொண்டேன்.

மதியத்தில் வியாபாரம் ஓய்ந்ததும் நான் காகிதத்தோடு உட்காருவேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லுவார். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தார்.

"இன்னாமே, உன் நரி ஊளை உட ஆரமிச்சிட்சா?"

"நீ வாய மூடு. காது எப்டி இருக்கும், அத்த சொல்லு."

"மேல தூக்கிகினு இருக்கும். மூஞ்சி கூரா இருக்கும். வாலு நாயி மாதிரி சுருட்டிக்காது, தொங்கும். குஞ்சம் மாதிரி."

பிறகு கிண்டல் குறைந்தது.

"அது ஓட்சின்னா நேரா ஓடிடாதுமே. கொஞ்ச தூரம் போய் நின்னு திரும்பிப் பாக்கும். நீ யாருன்னு கேக்குறா மாதிரி."

"கண்ணு இன்னா கலரு?"

அவர் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார்.

"தேனு கலரு. வெயிலு பட்டா தேனு எப்டி கீது, அப்டி. மத்தது எல்லாம் மறந்துட்சி. அந்தக் கண்ணு மட்டும் அப்டியே கீது. நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தது அது."

பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

கடைசி வகுப்புக்கு மறு சனிக்கிழமை அவருக்கு ஆபரேஷன். அந்தக் கடைசி வகுப்புக்கு டீச்சர் எனக்காகத் தடித்த பெரிய காகிதம் ஒன்று கொண்டுவந்திருந்தாள். வகுப்பிலேயே பென்சிலால் லேசாகக் கோடு போட்டு, வெளிறின பழுப்பை முகம் முழுக்க ஓடவிட்டேன். தண்ணீர் தானாக ஓடி ஓரத்தில் தேங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீதியை வீட்டில் முடித்தேன். கழுத்தில் ஈரம் இருக்கும்போதே மாடியில் காயவைத்தேன். துறைமுகத்துப் பக்கமிருந்து வழக்கமாக வந்து விழுகிற கறுப்புத் தூசி அதில் போய் ஒட்டிக்கொண்டது. துடைக்கப் போய் நிறுத்தினேன். பார்த்தால் முள் முள்ளாகக் கறுப்பு ரோமம். டீச்சர் பிறகு பார்த்துவிட்டு, இதை எப்படிச் செய்தீர்கள் என்று வியந்தாள். அது துறைமுகம் போட்டது, நான் இல்லை என்றேன்.

கண்ணை மட்டும் கடைசியாக வைத்திருந்தேன்.

ஒரு பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் மீனின் கண்ணில் தண்ணீர் தெளித்துப் பளபளக்க வைத்து நான் விற்றதுண்டு. எல்லோரும் செய்வதுதான். ஆனால் இந்தக் காகிதத்தில் அந்த வித்தை செல்லாது. வெளிச்சத்தைப் பிறகு தெளிக்க முடியாது, முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். அரிசி நொய் அளவுக்கு ஒரு புள்ளியை விட்டுவிட்டு, அதைச் சுற்றித் தேன் நிறத்தை வைத்தேன். காயவிட்டேன். அப்புறம் நடுவில் கறுப்பு. மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தேன். கை வைத்த இடத்தில் நின்றது. மீன் அறுக்கிற கை, அந்த மட்டும் நல்லது.

தள்ளி நின்று பார்த்தேன். நான்கு அடி தூரம். அந்தக் கண் என்னைத் திருப்பிப் பார்த்தது. புது மீன்.

ஆபரேஷன் அன்று காலை நான் ஏலத்துக்குப் போகவில்லை. அவர் எழுவதற்கு முன்பே படத்தைக் கட்டிலுக்கு எதிரே ஆணியில் மாட்டிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் புரண்டதும் உள்ளங்கையால் கண்ணைப் பொத்தினேன்.

"தொறக்காத. இப்டி திரும்பு. இன்னும் கொஞ்சம். ம், இப்ப தொற."

கையை எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே ஒரு லாரி பின்வாங்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

"இன்னாயா? ஒண்ணும் சொல்லாத கீற?"

"நரிதான்."

"மெய்யாலுமா? எங்க பாக்குது, சொல்லு."

"என்னத்தான் பாக்குது" என்றார். எழுந்து உட்கார்ந்து, "வேட்டிய எடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் உள்ளே கூப்பிடும்வரை என் கையை விடவில்லை. கூப்பிட்டதும் தானாக விட்டுவிட்டு, நர்சம்மா தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என் நகக்கண்ணில் ஏறியிருந்த பழுப்பு வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சுரண்டி முடிப்பதற்குள் வெளியே அழைத்து வந்துவிட்டார்கள், கட்டோடு.

முன்பு பார்த்த அதே வெள்ளைக் கட்டு. அன்றைக்கு முழுதும் இரண்டு பேரும் மீன் விலை பேசினோம், மழை வருமா என்று பேசினோம், கட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை.

மறுநாள் பிரித்தார்கள். சொட்டு மருந்து விட்டுத் துடைத்து, மெதுவாகத் திறக்கச் சொன்னார்கள். அவர் திறந்தார். சுவரைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"மூக்குத்திய எப்ப மாத்துன?" என்றார்.

"போன பொங்கலுக்கு மின்ன பொங்கலுக்கு."

"சொல்லவே இல்ல?"

"நீ பாப்பன்னு இருந்தேன்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, ஏலத்தில் மீன் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இன்னாமே இது?"

"நரி."

"கடலம்மா மேல சொல்லு."

நான் அடுப்பைப் பார்க்கப் போனேன்.

"நில்லு. இது நம்ம பலகையாண்ட படுத்துகினு கெடக்கற நாயி. எனுக்குத் தெரியாதா? காதுல வெட்டு கூட அப்டியே போட்டுகீற!"

அப்போதுதான் நானும் கவனித்தேன். நாயின் இடது காதில் ஓர் ஓரம் கிழிந்திருக்கும். பார்த்து வரைந்த கை அதையும் விடாமல் வரைந்து வைத்திருந்தது.

"அன்னிக்கி நீதானயா நரின்னு சொன்ன?"

"அன்னிக்கி எனுக்கு இன்னா தெரிஞ்சிது? செவுத்துல காவியா ஒரு அயுக்கு. நடுவுல துளியூண்டு வெளிச்சம். அவ்ளோதான்."

"அப்ப ஏன்யா வந்த?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "ஒன்ற மாசமா உன் கையில மீன் வாசன கொறஞ்சி பூட்சி. சோறு போடசொல்ல தட்டுக்கு வெளிய ஊத்துற, சத்தமில்லாத தொடச்சிட்டுப் போற. கிய்வி எனுக்கு மேல பயந்துகினு கீறான்னு தெரிஞ்சிது. ஒரு வூட்ல ஒரு ஆளுதான் பயப்படலாம்மே. ரெண்டு பேரும் பயந்துகினா சோறு யாரு வடிக்கிறது? அதான், நான் பயத்த உட்டுட்டேன்."

ரசம் வெளியே ஊற்றியது அவருக்குத் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த வெளிச்சம் மட்டும் ஷோக்கா கீதுமே" என்றார் படத்திலிருந்த கண்ணைக் காட்டி. "அது நாயி கண்ணு இல்ல. அது நான் பாத்தது."

இப்போது அவர் போடுகிற முடிச்சை யாரும் அவிழ்ப்பதில்லை. நாய்க்கு மட்டும் தினமும் ஒரு தலை கூடுதலாகப் போடுகிறேன், அது படத்துக்கு உட்காராமலே.

ஆனால் நரி முகத்தில் விழித்து ஒற்றைக் கண் திரும்பி வந்த சேதி நான்கு மாடிக்கும் ஏறிவிட்டது. நான் சொல்லவில்லை. நான் சொன்னது ஒரே ஒருத்தியிடம்தான், ஆனால் ஆள் பார்த்துத்தான் சொன்னேன். மறு வாரமே மேல் மாடிப் பெண் வந்தாள், மகளுக்குப் பரீட்சை, ஒரு காலைக்கு நரியைக் கொடு என்று. பிறகு புதுப் படகு இறக்கியவர் வீட்டில் கேட்டார்கள். பிறகு பெண் பார்க்க வருகிறார்கள் என்று மூன்றாவது மாடியில் கேட்டார்கள். படம் படியேறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. சாயந்தரத்துக்குள் திரும்ப வந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் என் நிபந்தனை. எங்கள் கட்டிலுக்கு எதிரே ஆணி சும்மா இருந்தால் அவருக்குத் தூக்கம் வருவதில்லை.

போன வாரம் படத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த மேல் மாடிப் பெண் வாசலில் நின்று படத்தைப் பார்த்தாள், பலகைக்குக் கீழே பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பின்னால் இன்னும் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஆயா, நெசத்த சொல்லு. இது நம்ம நாயி மாதிரியே கீதே?"

உள்ளே கட்டிலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"நரிதான்டி" என்றேன் எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்த பில்டிங்லயே நரிய நேர்ல பாத்தவரு எங்க வூட்டுக்காரரு ஒருத்தருதான். டவுட்டு கீதுன்னா அவராண்டயே கேளு. அவருக்கு இப்போ கண்ணு நல்லா தெரியுது."